தகரம் மூடிய எட்டு இடங்கள்

கிங்ஸ்டன்
14 மார்ச் 1994

மெர்லீனுக்கு, வெர்னல் வாயால் சொல்ல, உன் சித்தி மகள் டொரெட் கையால் எழுதும் கடிதம்.

இங்கே எல்லோரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் மேகத்துக்கு முந்திக்கொண்டு மழையைச் சொல்லிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு நீ டொரெட்டுக்குச் சாமான் அடைத்து அனுப்பிய பீப்பாயில் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. அவளுக்கு அது சேராது, அவள் வீட்டில் ஆணும் கிடையாது. அதனால் நான் போட்டுக்கொண்டேன். கை கொஞ்சம் நீளம்.

விஷயத்துக்கு வருகிறேன். டிராம்போன் ஊதும் எக்பர்ட் இப்போது பன்னிரண்டு பேரைச் சேர்த்துக் குழு வைத்திருக்கிறான். ஆகஸ்டில் நம் தீவின் சுதந்திர நாளுக்கு முன்னால் அத்தனை பேரும் நம் ஸ்டூடியோவில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்து டேப்பில் ஏற்ற வேண்டுமாம். எல்லா மைக்கின் சத்தத்தையும் கலக்கும் நம் மிக்சரின் லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, பாதி மிக்சர வச்சுக்கிட்டு பாதிப் பாட்டுதான் பதிய முடியும். மீதிய யாரு வாயால பாடுறது?" என்று கேட்டான்.

நீ மறந்திருக்கலாம், எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. நாம் பிரிந்தபோது பாஸ்டர் நடுவில் உட்கார்ந்து, "எதுவா இருந்தாலும் பாதிப் பாதி. அதோட சண்டை முடிஞ்சிரணும்" என்றார். சட்டி பானை பாதி, நாற்காலி பாதி. ஆடு மூன்று என்பதால் ஒன்றை விற்றோம். அப்புறம் நீ மஞ்சள் பாவாடையோடு, கையில் திருப்புளியோடு ஸ்டூடியோவுக்குள் வந்தாய். பதினாறு சேனல் மிக்சரில், சேனலுக்கு ஒரு குமிழ்ப் பட்டை என்று வலது கைப்பக்கம் இருந்த எட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாய். பாஸ்டருக்கு மிக்சர் என்றால் என்னவென்றே தெரியாது. "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மூடிய எட்டு இடம், இன்றைக்கும் மூடித்தான் இருக்கிறது. முதலில் அட்டை வைத்திருந்தேன். கில்பர்ட் புயலில் தகரக் கூரை போன பிறகு அந்தத் தகரத்தையே வெட்டி வைத்தேன்.

மூடிப்போன ரேடியோ நிலையம் ஒன்றிலிருந்து எக்பர்ட் எட்டுப் பட்டைகள் கொண்டுவந்திருக்கிறான். கம்பெனி அதேதான், மாடல் வேறு. நம்முடையதைவிட அரை விரல் அகலம். பின்னால் பிளக் நம்முடையதற்கு வலது பக்கம், இதற்கு இடது பக்கம். உட்கார வைக்க வேண்டுமென்றால் சட்டத்தின் வலது பாதியை ரம்பத்தால் அறுக்க வேண்டும். அறுத்தால் உன் எட்டும் இந்த ஜென்மத்தில் அங்கே உட்காராது.

அதனால்தான் கேட்கிறேன். உன் எட்டையும் அனுப்புகிறாயா, இல்லை நான் அறுக்கட்டுமா? ஒரு சொல் போதும்.

கீழே இருக்கும் பெருக்கல் குறி என்னுடையது.

வெர்னல்

(மெர்லீன், அந்தச் சட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே வருது. நான் சொன்னதா சொல்லாத. டொரெட்.)


டொராண்டோ
9 ஏப்ரல் 1994

வெர்னலுக்கு,

பதின்மூன்று வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம் இது. பிரித்ததும் கண்ணில் பட்டது ரம்பம். உன் குணம் அப்படியேதான் இருக்கிறது என்று தெரிந்து சமாதானம் ஆனேன்.

இங்கே இன்னும் பனி போகவில்லை. ஏப்ரல் மாதத்தில் வாசலில் பனி வாருகிறவளுக்கு உன் மிக்சர் ஞாபகம் எப்படி வரும்? எக்லிண்டன் தெருவில் நம் ஊர்க்காரர் ஒருவர் சீமைப்பலா விற்கிறார். போன வாரம் ஒன்று வாங்கினேன். உள்ளே கறுப்பு. கேட்டால், "அம்மா, அதுவும் உங்கள மாதிரி கடல் தாண்டி வந்ததுதானே, களைச்சுப் போயிருக்கும்" என்கிறார்.

ஞாயிறுதோறும் எங்கள் சர்ச்சில் மிக்சர் பக்கம் நான்தான். நாற்பது பேர் கொண்ட பாட்டுக்குழு. சிஸ்டர் எவாட்னி ஒவ்வொரு ஞாயிறும் வந்து, "என் குரலை இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சிஸ்டர், கர்த்தருக்குக் காது கொஞ்சம் மந்தம் போல" என்பாள். ஏற்றுவது போலக் கையை மட்டும் அசைப்பேன். "இப்பதான் நல்லா இருக்கு" என்று நன்றி சொல்லிவிட்டுப் போவாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். அறுக்காதே. ஆனால் பட்டைகளை அனுப்பவும் முடியாது. ஏன் என்று கேட்காதே. ரேடியோப் பட்டைகளை இன்னொரு முறை அளந்து பார். நீ விரலால் அளக்கிறவன். உன் விரலும் வயசுக்குத் தடித்திருக்கும்.

சட்டைக் கை நீளம் என்றால் மடித்து விட்டுக்கொள். எல்லாவற்றையும் அறுக்க வேண்டியதில்லை.

மெர்லீன்


கிங்ஸ்டன்
11 மே 1994

மெர்லீனுக்கு, முன்பு போலவே டொரெட் கையால்.

உன் கடிதத்தை டொரெட் முற்றத்தில் உட்கார்ந்து படித்தாள். சிஸ்டர் எவாட்னி இடம் வந்ததும் சிரித்து, கடிதத்தை மடியில் போட்டுவிட்டாள். இப்போது இந்தத் தெருவுக்கே எவாட்னியைத் தெரியும்.

அறுக்காதே என்கிறாய், அனுப்பவும் மாட்டேன் என்கிறாய். சாப்பிடாதே, பசியோடும் இருக்காதே என்பது மாதிரி இருக்கிறது. இதற்கு அடுத்தபடியாக நான் சொன்னதை டொரெட் எழுத மாட்டேன் என்கிறாள். "சர்ச்சுக்குப் போற கை இது" என்கிறாள். நீயே நினைத்துக்கொள்.

ஆனாலும் நீ சொன்னபடி திரும்ப அளந்தேன், இந்த முறை இரும்பு அளவுகோலால். அரை விரலேதான். என் விரல் தடிக்கவில்லை.

எக்பர்ட் நாலு நாளைக்கு ஒரு தரம் வந்து நிற்கிறான். நேற்று கேட்டான்: "யாருக்காக இந்த எடத்த வச்சிருக்கீங்க? அந்த அம்மா போய் எத்தன வருஷம் ஆச்சு?"

"எடம் அது பாட்டுக்கு இருக்கு. உனக்கு என்ன குத்துது?" என்றேன்.

"எடம் பாட மாட்டேங்குதே, பெரியவரே."

அவன் சொல்வதும் நியாயம்தான். ஜூலை முடிவுக்குள் சட்டம் தயாராகாவிட்டால் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டான்.

நீ கனடா போகலாம் என்று சொன்னபோது, மிக்சரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். "அப்ப பாதிய நான் எடுத்துட்டுப் போறேன், மிச்சத்த வச்சு நீ என்னத்தப் பாக்குறேன்னு பாக்கலாம்" என்றாய். நீ சொன்ன சொல் ஒன்றும் எனக்கு உதிரவில்லை. கழற்றும்போது ஒவ்வொரு பட்டையின் முதுகிலும் நகப்பூச்சால் புள்ளி வைத்தாய். ஒன்பதாவதற்கு ஒரு புள்ளி, பத்தாவதற்கு இரண்டு, அப்படியே எட்டுப் புள்ளி வரைக்கும். எனக்கு எழுத்து தெரியாது என்பதால்தான் புள்ளி. திரும்பி வரும்போது எது எந்த இடம் என்று நான் தடுமாறக் கூடாதே என்று வைக்கிறாய் என்று நினைத்தேன். திரும்பி வராத பொருளுக்கு யாராவது அடையாளம் வைப்பார்களா? அதனால்தான் அறுக்கவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

மாம்பழம் இந்த வருஷம் ஏராளம். ஆட்டுக்கும் அலுத்துப்போச்சு.

வெர்னல்


டொராண்டோ
4 ஜூன் 1994

வெர்னலுக்கு,

டொரெட், இதைப் படிக்கும்போது முற்றத்தில் வைத்துப் படிக்காதே. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

பட்டைகளை ஏன் அனுப்ப முடியாது என்றால், அவை இப்போது உன் சட்டத்தில் உட்காராது.

எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் சர்ச் ஓர் அமெரிக்க மிக்சரைப் பழைய சாமான் விலைக்கு வாங்கியது. அதில் பாதி சேனல் செத்துப்போயிருந்தது. நம் பட்டைகள் அதுவரை என் கட்டிலுக்கடியில்தான் பெட்டியில் கிடந்தன. துணி துவைக்கும் நாளில் மட்டும் வெளியே எடுத்துத் தூசி தட்டுவேன். சர்ச்சில் கடைசல் பட்டறைக்காரர் ஒருவர், பிரதர் ஆல்டன், "சிஸ்டர், பொருத்திப் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் சரி என்றேன்.

அந்த அமெரிக்க மிக்சரின் சட்டம் ஒடுக்கம். அதனால் முகப்புத் தகட்டை இரண்டு பக்கமும் அரம் போட்டு ராவினோம். பின்பக்கம் நீ ஈயம் வைத்த பிளக்கை எடுத்துவிட்டு, அவர்கள் மாதிரி நீளப் பிளக் வைத்தோம். அந்த மிக்சரின் மின்சாரம் கொஞ்சம் கூடுதல் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு ரெசிஸ்டர் சேர்த்தோம். சத்தம் வரும் இரண்டு ஒயரையும் அவர்கள் வழக்கப்படி இடம் மாற்றினோம். முதல் பட்டையை ராவும்போது என் பல் கூசியது. எட்டாவதற்கு வரும்போது கூசவில்லை. புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நீ புள்ளியைப் பற்றிச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். திரும்பி வருவதற்காக நான் அவற்றை எடுத்துக்கொண்டு வரவில்லை. நீ பின்னாலேயே வந்து கேட்பாய் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்காக விமானம் ஏறாதவன் எட்டுப் பட்டைக்காகவாவது ஏறுவான் என்று நினைத்தேன். வந்தால் எந்த இடத்தில் எது என்று நீ கேட்பாய், அதற்குத்தான் புள்ளி. ஐந்து வருஷம் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். நீ வரவில்லை. அப்புறம்தான் ராவ விட்டேன்.

அதனால் நீ அறுத்துக்கொள். ரேடியோப் பட்டைகளை உட்கார வை. எக்பர்ட்டைக் காக்க வைக்காதே.

மெர்லீன்


கிங்ஸ்டன்
27 ஜூன் 1994

மெர்லீனுக்கு.

கதவைச் சாத்தித்தான் படித்தாள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. படித்து முடித்ததும், "இதுக்கு ரெண்டு பேரும் ஒரு போன் போட்டிருக்கலாம்" என்றாள். போனில் நீ பாதியில் வைத்துவிடுவாய், நான் கத்துவேன் என்று சொன்னேன். "அதுவும் சரிதான்" என்றாள்.

நான் பின்னால் வரட்டும் என்று நீ எடுத்தாய், நீ திரும்பி வரத்தான் எடுத்தாய் என்று நான் நினைத்தேன். இதைப் பற்றி இந்த வயதில் பேச எனக்குத் தெரியவில்லை. பட்டையைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் அறுக்கவில்லை. எக்பர்ட்டுக்கு வேறு வழி செய்தாகிவிட்டது. மாம்பழக் கூடைப் பெட்டி ஒன்றின் மேல் ரேடியோப் பட்டைகளை வரிசையாக நிறுத்தி, ஆள் நீள ஒயர் இழுத்து, தகரத்துக்கு அடியில் கொண்டுபோய் மிக்சரோடு சேர்த்தேன். எக்பர்ட் பார்த்துவிட்டு, "வந்த விருந்தாளிய வாசல்லயே படுக்க வச்சுட்டீங்களே" என்றான். "வீட்டுக்குள்ள எடம் இல்ல, காத்தாடப் படுக்கட்டும்" என்றேன். கொஞ்சம் இரைச்சல் வருகிறது. டிராம்போன் ஊதினால் அது தெரியாது. ஜூலையில் பதிவு நடக்கும்.

இனி உன்னிடம் ஒரு வேலை. உன் பட்டை ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் படுக்க வை. பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு சுற்றிக் கோடு போடு. பிறகு பின்பக்கம், பிளக் தாளில் படும்படி நிறுத்தி, அதையும் சுற்றிப் போடு. ஒவ்வொரு காலும் எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளி வை. எழுத்து எதுவும் வேண்டாம். எழுத்து என்றால் டொரெட்டைக் கூப்பிட வேண்டும். கோடு என்றால் நானே படித்துக்கொள்வேன்.

எதற்கு என்று கேட்காதே. நீயும் அப்படித்தானே சொன்னாய்.

வெர்னல்


டொராண்டோ
18 செப்டம்பர் 1994

வெர்னலுக்கு,

கோடு போட்ட தாள் ஜூலையிலேயே வந்து சேர்ந்ததாக டொரெட் சொன்னாள். ஓரத்தில் கறை இருந்தால் அது தேநீர். அளவில் சேர்த்துக்கொள்ளாதே.

நான் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. சர்ச் புது மிக்சர் வாங்கிவிட்டது. பொத்தானை அழுத்தினால் போன வாரம் வைத்த அளவு தானாக வந்து நிற்குமாம். பாஸ்டரின் மருமகன் பார்த்துக்கொள்கிறான். நல்லவன்தான். முதல் ஞாயிறே சிஸ்டர் எவாட்னி கேட்டதும் நிஜமாகவே ஏற்றிவிட்டான். ஜன்னல் அதிர்ந்தது. ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் நாலு பேர் வந்து என்னிடம், "அந்தப் பழசை என்ன செய்யட்டும், சிஸ்டர்?" என்று கேட்டார்கள். அமெரிக்க மிக்சரின் சட்டத்தை அவர்கள் பழைய இரும்புக்குப் போட்டுக்கொள்ளட்டும், எட்டுப் பட்டையும் என் வீட்டுப் பொருள் என்றேன். மூன்றாவது வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து, நானே கழற்றினேன். அதே திருப்புளிதான்.

இந்த வருஷப் பீப்பாயைச் சீக்கிரமே அனுப்பிவிட்டேன். உன் பெயருக்கு. அடியில் அரிசி, மேலே துண்டுகள், நடுவில் பட்டைகள், ஒவ்வொன்றும் தலையணை உறைக்குள். துறைமுகத்தில் சுங்கத்துக்காரர் கேட்டால் சமையல் பாத்திரம் என்று சொல்லாதே. உள்ளதைச் சொல். யாரும் நம்ப மாட்டார்கள், விட்டுவிடுவார்கள்.

ஏழுதான் அனுப்பியிருக்கிறேன். எட்டுப் புள்ளிப் பட்டையில் ஒரு குமிழ் உடைந்திருக்கிறது. இங்கே அந்தக் குமிழ் கிடைக்குமா என்று பார்க்கிறேன். அதுவரை என்னிடம் இருக்கட்டும்.

அந்த ஏழையும் உட்கார வைக்க முடியாவிட்டால் வருத்தப்படாதே. ராவியது நான்.

மெர்லீன்


கிங்ஸ்டன்
2 நவம்பர் 1994

மெர்லீனுக்கு, வெர்னல் சொல்ல டொரெட் எழுதுவது.

பீப்பாய் வந்தது. சுங்கத்தில், "என்ன இது?" என்று கேட்டார்கள். "என் மிக்சரோட பாதி" என்றேன். அந்த ஆள் என்னையும் பார்த்தான், பீப்பாயையும் பார்த்தான். "மத்த பாதி எங்க?" என்றான். "வீட்டுல" என்றேன். கையெழுத்து கேட்டான், பெருக்கல் குறி போட்டேன். விட்டுவிட்டான்.

அரிசியை டொரெட்டுக்குக் கொடுத்துவிட்டேன். துண்டுகளில் ஒன்றை எக்பர்ட் எடுத்துக்கொண்டான், கேட்காமலேயே.

இப்போது சட்டத்தைப் பற்றி. அறுத்துவிட்டேன். ஜூலையில் எக்பர்ட்டின் பதிவு முடிந்ததும், நீ போட்ட கோடுகளை வைத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே அறுக்கத் தொடங்கினேன். எட்டுத் தகரத்தையும் கழற்றி, பின்பக்கத்துச் சட்டத்தில் உன் நீளப் பிளக்குக்கு ஏற்ற மாதிரி துளைகளைப் பெரிதாக்கினேன். இனி கம்பெனிப் பட்டை எதுவும் அந்தப் பக்கம் உட்காராது, ரேடியோக்காரனுடையதும் உட்காராது. நீ இரண்டு பக்கமும் ராவியதால் பட்டைக்குப் பட்டை இடைவெளி விழுகிறது. அதில் புயல் தகரத்தையே மெல்லிசாக வெட்டிச் செருகினேன். பார்க்க நன்றாக இல்லை. ஆனால் ஆடவில்லை. நீங்கள் சேர்த்த ரெசிஸ்டரைச் சூடு காட்டாமல் கத்தரித்து எடுத்து, மிச்சக் கால்களை முறுக்கிச் சேர்த்துவிட்டேன், இங்கே மின்சாரம் நம் பழைய அளவுதான். ஏழும் உயிரோடு இருக்கின்றன.

ஒரு சங்கடம் வந்தது. அதைச் சொல்ல வேண்டும். அடுத்த பதிவுக்கு எக்பர்ட் டிரம்முக்கு இரண்டு மைக் வைத்தான். ஒன்று என் பக்கத்து மூன்றாவது சேனலில், மற்றது உன் பக்கத்துப் பன்னிரண்டாவதில். என்னுடையதை மட்டும் திறந்தால் நெஞ்சில் இடிக்கிறது. உன்னுடையதை மட்டும் திறந்தாலும் இடிக்கிறது. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் காலி. எக்பர்ட் கதவைத் திறந்துகொண்டு வந்து, "பெரியவரே, டிரம்ம யாரு தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டான்.

நீ எழுதியது உடனே நினைவுக்கு வந்தது. இரண்டு ஒயரை இடம் மாற்றினோம் என்றாயே, அது. நான் ஸ்பீக்கரை முன்னால் தள்ளும்போது நீ பின்னால் இழுக்கிறாய். தனியாக இருக்கும்போது இரண்டு பேரும் சரிதான்.

"அந்த அம்மாவோட ஏழையும் மாத்திப் பத்த வைங்க, ஒரு மத்தியான வேலதானே" என்றான் எக்பர்ட். எண்ணிக்கைப்படி அதுதான் குறைவு. ஆனால் உன் பட்டைகளில் ஏற்கெனவே இரண்டு முறை ஈயம் வைத்தாகிவிட்டது. முதலில் நான், பிறகு பிரதர் ஆல்டன். அவர் கை நல்ல கைதான், சொல்லிவிடு. மூன்றாவது முறை சூடு காட்டினால் உள்ளே செம்புத் தகடு உரிந்துவிடும். அதனால் என்னுடைய எட்டையும் மாற்றினேன். இரண்டு நாள் ஆனது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. எக்பர்ட் திரும்ப வந்து டிரம் பதிவைக் கேட்டான். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டான். பிறகு, "மாம்பழப் பெட்டிய எடுத்துரலாமா?" என்றான். எடுத்துவிட்டோம். ரேடியோப் பட்டைகள் மான்டெகோ பேயில் ஒரு பையனுக்குப் போகின்றன. அவனிடம் அதே மாடல் சட்டம் இருக்கிறதாம்.

குமிழுக்காக அங்கே கடை கடையாக அலையாதே. அந்தக் குமிழ் இங்கே ஒரு டப்பா நிறைய இருக்கிறது, உனக்கே தெரியும். ஏழு பட்டையையும் தலையணை உறைக்குள் பத்திரமாக வைத்தவளுக்கு எட்டாவதில் குமிழ் எப்படி உடைந்தது என்று டொரெட் கேட்கிறாள். எழுதும்போது அவள் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் பானத்துக்கான சோரல் பூ சிவந்துவிடும். இஞ்சி போன வாரமே வாங்கியாகிவிட்டது. ஆள் வந்தால் தங்கட்டும் என்று, முற்றத்துப் பக்கத்து அறையில் ஒழுகிய இடத்தை எக்பர்ட் அடைத்தான்.

கடைசி இடத்துக்கும் துளையைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன், மற்ற ஏழின் அளவில். தகரம் மூடவில்லை. தூசி விழும் என்பதால் உன் தலையணை உறையை மடித்து மேலே போட்டிருக்கிறேன்.

பெருக்கல் குறி கீழே.

வெர்னல்